அலுவலக வாயிலைத் திறப்பித்த இரட்டைமலையார்

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859 ஆம் ஆண்டு பிறந்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். கோவையில் கற்று, நீலகிரியில் ஐரோப்பியரின் வாணிக நிலையங்களில் பத்தாண்டுகள் கணக்கராகப் பணிபுரிந்தார். நாள்முழுதும் ஏடும் எழுதுகோலுமாக இருந்தவர், அத்தகைய மேசைக்கு முன் நம்மவர் எத்துணை அரியர் என்பதை உணராதிருந்திருப்பாரா? 1890 இல் சென்னைக்கு வந்தார். 1893 இல் 'பறையன்' என்னும் பெயராலேயே ஓர் இதழைத் தொடங்கினார். வசையாக வழங்கிய பெயரையே இதழின் முகப்பில் பொறித்தமை, நம்மவருக்குத் துணிவூட்டியதோடு பிறரையும் திரும்பிப் பார்க்கச் செய்தது.

அவ்வாண்டில் ஒரு பெரிய வழக்கு எழுந்தது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வு அந்நாளில் இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. அதனை இந்தியாவிலும் ஒருங்கே நடத்தவேண்டுமென 1893 ஜூன் 2 ஆம் நாள் பிரிட்டிஷ் மக்கள் சபை தீர்மானித்தது. காங்கிரசார் மகிழ்ந்தனர். சீனிவாசனாரோ டிசம்பர் 23 ஆம் நாள், மயிலாப்பூருக்கு அணித்தான இராயப்பேட்டையில் வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டங்கூட்டி அதனை எதிர்த்தார். பள்ளிப்படி ஏறவே இடந்தரப்படாத மக்கள் தேர்வில் எங்ஙனம் போட்டியிடுவர்? தேறுவோர் அனைவரும் மேல்சாதியினராகவே இருப்பின், நம் குறையைக் கேட்பவரும் தீர்ப்பவரும் அவர்களே ஆவர் என்பதே அவர்தம் அச்சம். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் ஜெனரல் செஸ்னி என்னும் உறுப்பினர் வாயிலாக நாடாளுமன்றத்துக்குச் சென்றது. நம் துயரை அறியாத, அறிய விழையாத அவைக்கு அது சென்றது என்பதே குறிப்பிடத்தக்கது. தம் சேரியில் தம்மவரிடம் மட்டும் முழங்கியிருப்பின் கைதட்டல் கிடைத்திருக்கும், அவ்வளவே. அவரை நாட்டுப்பற்று அற்றவர் எனப் பழித்தோர் உளர். தேர்வு எங்கு நடக்கும் என்பதைவிட, யார்மீது யார் அதிகாரம் செலுத்துவர் என்பதே அவர் எழுப்பிய வினா என நாம் கொள்கிறோம். இந்தியாவில் அத்தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க நேர்ந்தது.

பின்னர்ப் பல்லாண்டு தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து திரும்பியவர், 1923 இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமனம் பெற்றார். அங்கு நம்மவர் ஒரு கைவிரல் விட்டு எண்ணத்தக்க சிலரே; எஞ்சியோரில் பலர் நம் குறையை எண்ணியும் பாராதவர். அவ்வவையில் 1924 இல் அவர் கொணர்ந்த தீர்மானத்தை இளைஞர்கள் ஊன்றிக் கற்றல் வேண்டும். எவருடைய வழிபாட்டையும் அடுக்களையையும் அது தொடவில்லை. பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், இவற்றோடு அரசு அலுவலக வளாகம் ஆகியவற்றுள் எவரும் செல்லலாம் என்பதே அது கேட்டது. மறுப்போர் தம் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வழியை மறிக்காதிருந்தால் போதும். அவை ஏற்றது. 1924 செப்டம்பர் 25 ஆம் நாள் அரசாணையும் பிறந்தது. ஆணையைச் சிற்றூர்களில் நடைமுறைப்படுத்த நம் முன்னோர் பட்ட பாடு தனிக்கதை. எனினும், தெருவில் நடக்கவியலாதவன் கச்சேரியில் எழுத்தனாக அமர்வது எங்ஙனம்? பதவிக்குச் செல்லும் பாதை தெருவிலேயே தொடங்குகின்றது.

1930 இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கருடன் சென்றார். இருவரும் சேர்ந்து அளித்த பாதுகாப்புத் திட்டத்தில், அரசுப் பணிகளில் நமக்குப் போதிய இடம் வேண்டும் என்பதும், ஆள்தேர்வை அரசுப் பணி ஆணையத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்பதும் இடம்பெற்றன. 1932 இல் அவரும் கையொப்பமிட்ட பூனா உடன்படிக்கையில், பிறப்புப் பற்றி எவருக்கும் பணி மறுக்கப்படலாகாது என்றும், உரிய பங்கு கிடைக்க முயற்சி செய்யப்படும் என்றும் எழுதப்பட்டது. ஆயின், வகுக்கப்படும் கல்வித் தகுதிக்கு உட்பட்டே என்ற சொற்களும் உடன்சேர்ந்தன. அவ்வுடன்படிக்கையிலேயே நம் மக்களின் கல்விக்கு ஒவ்வொரு மாகாணமும் போதிய தொகை ஒதுக்கவேண்டும் என்றும் உள்ளது.

சீனிவாசனார் 1945 செப்டம்பர் 18 ஆம் நாள் மறைந்தார். அடையாற்றிலிருந்து கிண்டிக்குச் செல்லும் சர்தார் பட்டேல் சாலையில், காந்தி மண்டப வளாகத்தினுள் அவருக்கு மணிமண்டபம் உள்ளது.