நிழல்களிலிருந்து உருவம்

உணவை விழுங்க இயலாத துன்பத்தோடு திருத்தணியிலிருந்து சென்னை மருத்துவமனைக்கு வரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். உணவுக்குழாயின் உட்பரப்பில் தோன்றும் புற்றை அகநோக்கி காட்டிவிடும். தசைச்சுவருக்குள் அரிதாக முளைக்கும் கட்டியோ, அதில் வெறும் புடைப்பாகவே தென்படும். அக்கட்டியின் அளவையும், அது மூச்சுக்குழாயையோ பெருந்தமனியையோ நெருங்கியுள்ளதா என்பதையும் அறிய சி.டி. ஸ்கேன் துணைபுரிகிறது. அப்படத்தை உருவாக்கும் கணிதத்தைச் செம்மை செய்தவர்களுள் ஒருவர் அறிவியலறிஞர் ஜி.என். இராமச்சந்திரன்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். எனவே கணிதப் பற்று வீட்டிலேயே வேர்கொண்டது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சேர்ந்த இவரை, சர் சி.வி. இராமன் இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதைக் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து நிறுவினார். அவ்வமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று மேலைநாட்டு அறிஞர் சிலர் மறுத்தனர். இராமச்சந்திரன் சினம் கொள்ளவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். அவ்வாய்வின் பயனாக 1963இல் பிறந்ததே, இன்றும் உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் கையாளும் இராமச்சந்திரன் வரைபடம்.

சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பும் இதயமும் உணவுக்குழாயும் ஒன்றன்மேல் ஒன்றாக நிழல்களாய்ப் படிந்துவிடும். பல கோணங்களில் எடுத்த நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பினால் உருவம் கிடைக்கும். ஆனால் அது மங்கலாக இருக்கும். ஒவ்வொரு நிழலையும் முதலில் கணக்கீட்டால் திருத்தி, பின்னர்ப் பரப்பினால் உருவம் தெளிவுறும். பூரியர் உருமாற்றம் என்னும் நீண்ட கணக்கீடின்றியே இதனைச் செய்யும் எளிய முறையை, ஏ.வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து 1971இல் வெளியிட்டார். அதே ஆண்டில் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் நோபல் பரிசு பெற்றனர். இராமச்சந்திரன் முறையோ ஸ்கேன் கருவிகளுக்குள் கணக்காய் அமைந்து பணிசெய்தது.

2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் இவர் மறைந்தார். மறுப்பையும் ஆய்வுக்குரிய வினாவாக மாற்றிக்கொண்ட இவரது மனப்பாங்கே, மாணவர்கள் இவரிடமிருந்து பெறத்தக்க பெருஞ்செல்வம்.