வாடகையில் வளர்ந்த ஊர்

லண்டனில் 1850இல் பிறந்த எபினேசர் ஹோவர்ட் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ அல்லர். இளமையில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விவசாயம் செய்து தோற்றார். பின்னர் லண்டன் திரும்பி, நாடாளுமன்ற உரைகளைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் வேலையில் காலம் தள்ளினார்.

நெரிசல் மிகுந்த லண்டனுக்கு மாற்றாக, சுமார் 32,000 பேர் வாழும் தோட்ட நகரங்களை அமைக்கலாம் என்று 1898இல் ஒரு நூல் எழுதினார். சரி, பூங்காவுக்கும் பள்ளிக்கும் பணம் எங்கிருந்து வரும்? விவசாய நிலத்தை மலிவாக வாங்க வேண்டும். யாருக்கும் விற்காமல் குத்தகைக்கு மட்டுமே விட வேண்டும். ஊர் வளர வளர நிலத்தின் மதிப்பும் வாடகையும் உயரும். முதல் போட்டவர்களுக்கு ஓர் அளவான ஈவு போக, மீதமெல்லாம் ஊருக்கே. (எம்ஆர்டி நிலையம் வந்ததும் பக்கத்து வீட்டு உரிமையாளருக்கு அடிக்கும் யோகத்தை நினைத்துப் பாருங்கள். ஹோவர்ட் அந்த யோகத்தைத்தான் பொதுவாக்கப் பார்த்தார்.)

1903இல் லெட்ச்வொர்த் நகரம் தொடங்கியது. ஈவு ஐந்து விழுக்காட்டைத் தாண்டாது என்றதும் பணக்காரர்கள் தயங்கினர். தொடக்க ஆண்டுகளில் பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஹோவர்ட் அசரவில்லை. 1919இல் நண்பர்களிடம் முன்பணம் திரட்டி, வெல்வின் நிலத்தை ஏலத்தில் எடுத்தார். அங்கேயே 1928இல் மறைந்தார்.

லெட்ச்வொர்த்தின் நில வருமானம் இன்றும் ஓர் அறக்கட்டளை வழியாக அந்த ஊருக்கே செலவிடப்படுகிறது.