தோல்வியையும் எழுதி வைத்த வைத்தியர்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவருக்கு இடுப்பு வலி. ஸ்ரீரங்கத்தில் குனிந்து நிமிர்ந்து வீட்டு வேலை செய்யும் தாய்க்கு முதுகு வலி. பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் குமாஸ்தாவுக்குக் கழுத்து வலி.

இப்படிப்பட்டவர்களில் சிலரை ஒரு கட்டிலில் படுக்க வைப்பார்கள். மார்பிலும் இடுப்பிலும் பட்டை கட்டுவார்கள். கருவி மெல்ல இழுக்கும், பிறகு தளர்த்தும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. இதற்கு டிராக்ஷன் என்று பெயர். கம்ப்யூட்டர் வைத்த புதுக் கருவியானால் டிகம்ப்ரஷன் என்பார்கள்.

இது நேற்று வந்த வைத்தியமா? இல்லை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே நோயாளியைப் பலகையில் கிடத்தி, பட்டை கட்டி முதுகை இழுத்தார் ஒருவர். அவர்தான் வைத்தியக் கலையின் தந்தை என்று உலகம் போற்றும் ஹிப்போகிராட்டீஸ்!

வைத்தியர் வீட்டுப் பிள்ளை

கிரேக்க நாட்டைச் சேர்ந்தது கோஸ் என்ற சிறு தீவு. அங்கே கி.மு. 460-ஆம் ஆண்டு வாக்கில் ஹிப்போகிராட்டீஸ் பிறந்தார். தந்தை ஹெராக்கிளிடீஸ் ஒரு வைத்தியர். அறிஞர் சாக்ரட்டீஸ் வாழ்ந்த காலம் அது.

அந்த நாளில் கிரேக்கர்கள் அஸ்கிளீப்பியஸ் என்ற வைத்தியத் தெய்வத்தை வணங்கினார்கள். நோயாளிகள் அவருடைய கோயிலில் இரவு தங்குவார்கள். கனவில் தெய்வம் வந்து குணமாக்கும் என்று நம்பினார்கள்.

நமக்கும் தன்வந்திரி உண்டு. ஸ்ரீரங்கம் கோயிலில் அவருக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. அந்தக் கோயிலில் ஓர் ஆரோக்கியசாலையும் இருந்தது. கருடவாகன பட்டர் என்ற வைத்தியர் அதைப் புதுப்பித்ததாக கி.பி. 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தெய்வத்தை வணங்கிய இடத்திலேயே மருந்தும் கொடுத்தார்கள் நம் முன்னோர்.

ஹிப்போகிராட்டீஸ் காட்டிய வழியும் மருந்தின் வழிதான். நோய் தெய்வத்தின் கோபத்தால் வருவதல்ல. உடலிலும் உணவிலும் காற்றிலும் நீரிலும் அதற்குக் காரணம் இருக்கிறது என்று அவர் வழி வந்தவர்கள் எழுதினார்கள். அவர் ஊர் ஊராகச் சென்று வைத்தியம் பார்த்தார். பலருக்கும் அந்தக் கலையைக் கற்பித்தார். தெஸ்ஸலஸ், டிராக்கோ என்ற இரு புதல்வர்களும், மருமகன் பாலிபஸும் வைத்தியர்களே.

ஏணி வித்தை

அந்தக் காலத்தில் கூன் விழுந்த முதுகை நிமிர்த்த ஒரு பயங்கர வைத்தியம் நடந்தது.

நோயாளியை ஓர் ஏணியில் கட்டுவார்கள். சில சமயம் தலைகீழாகவும் கட்டுவார்கள்! ஏணியைக் கயிற்றால் உயரமான கட்டடத்தின் உச்சிக்கு இழுத்து, சட்டென்று கீழே விடுவார்கள். அந்த அதிர்ச்சியில் முதுகு நிமிருமாம். ஊரே கூடி வேடிக்கை பார்க்கும்.

ஹிப்போகிராட்டீஸின் பெயரால் வழங்கும் மூட்டுகளைப் பற்றிய நூலில் இந்த வித்தை வருகிறது. கூட்டத்தை வாய் பிளக்க வைக்கவே பலர் இதைச் செய்கிறார்கள் என்று அவர் கண்டித்தார். இதனால் ஒருவருக்கும் முதுகு நிமிர்ந்ததாகத் தெரியவில்லை என்றார். இதைச் செய்யத் தமக்கே வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதினார்.

பலகை வைத்தியம்

அவர் சொன்ன முறை வேறு. முதலில் நோயாளிக்கு வெந்நீர்க் குளியல். பிறகு துணி விரித்த அகலமான பலகையில் குப்புறப் படுக்க வேண்டும். மார்பிலும் இடுப்பிலும் கால்களிலும் மெத்தென்ற வலுவான பட்டைகள். பட்டைகளின் நுனியில் உலக்கை போன்ற கட்டைகள். தலைப்பக்கம் சிலரும் கால்பக்கம் சிலருமாக ஒரே சமயத்தில் இழுப்பார்கள். வைத்தியர் உள்ளங்கையால் கூனை அழுத்துவார்.

பிற்காலத்தில் அரபு நாடுகளின் வைத்தியர்களும் இந்த இழுக்கும் முறையைக் கையாண்டார்கள்.

காற்று ஊதிய தோல் பை

ஒருமுறை ஹிப்போகிராட்டீஸ் புது வழி ஒன்றைச் சோதித்தார். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, கூனுக்கு அடியில் தோல் பையைச் செருகி, அதில் காற்றை ஊதினார். பலன் இல்லை!

வேறொருவராக இருந்தால் மூடி மறைத்திருப்பார். அவரோ அந்தத் தோல்வியை வேண்டுமென்றே எழுதி வைத்தார். எது பலிக்கவில்லை, ஏன் பலிக்கவில்லை என்பதும் பின்னால் வருபவர்களுக்குப் பாடம் என்று கருதினார். அவருடைய பெருமைக்கு இது ஒன்றே போதும்.

முதிய வயதில் லாரிசா என்ற ஊரில் அவர் காலமானார். வயது 85 என்பாரும் உண்டு. 100-க்கு மேல் என்பாரும் உண்டு.

இன்று என்ன தெரியும்?

முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை போன்ற டிஸ்க் இருக்கிறது. அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலுக்கு வலி பரவும் என்று 1934-ல் அமெரிக்க டாக்டர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் விளக்கினார்கள். முதுகை இழுத்தால் அந்த அழுத்தம் குறையும் என்பதுதான் இன்றைய கருவிகளின் எண்ணம்.

பலன் உண்டா? இடுப்பு வலிக்கு டிராக்ஷன் கொடுத்துச் செய்த 32 ஆராய்ச்சிகளை 2013-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வலி குறைவதிலும் வேலைக்குத் திரும்புவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நாட்பட்ட இடுப்பு வலிக்கு டிராக்ஷன் வழக்கமாக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் ஆலோசனை கூறியது. உடற்பயிற்சிக்கு அது இடம் கொடுத்தது.

புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறைகிறது. நாள் முழுவதும் படுத்தே கிடப்பது கூடாது. முடிந்த அளவு நடமாடுவதே நல்லது.

ஆனால் சிறுநீர் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனால், தொடைகளின் நடுவே மரத்துப் போனால், கை கால்கள் வலுவிழந்தால், வலியுடன் காய்ச்சல் வந்தால், கீழே விழுந்தபின் கடும் வலி வந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

நகையை அடகு வைத்து, பல நாள் சிகிச்சைக்கு மொத்தமாகப் பணம் கட்டும் முன் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். இதனால் எத்தனை பேருக்குக் குணம்? எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை?

இரண்டாவது கேள்விக்கும் மறைக்காமல் பதில் சொல்பவரே ஹிப்போகிராட்டீஸின் உண்மையான வாரிசு!