வானொலியை ஆண்ட ஜான் ரீத்

வானொலிச் செய்தியில் சொல்லிவிட்டார்கள் என்றால் எங்கள் தெருவில் மறுபேச்சு இராது. அத்தகைய நம்பிக்கையைப் பிரிட்டனில் கட்டி எழுப்பியவர் ஜான் ரீத். இளைஞர்கள் இவர் வரலாற்றை ஊன்றிப் பயில வேண்டும்.

ரீத் 1889ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தில் ஸ்டோன்ஹேவன் என்னும் ஊரில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கிளாஸ்கோ நகரத் தொழிற்சாலையில் பொறியியல் பயின்றார். 1915இல் போர்முனையில் குண்டடி பட்டது; கன்னத்துத் தழும்பு இறுதிவரை நிலைத்தது. 1922இல் பி.பி.சி.யின் பொது மேலாளரானார்.

1926ஆம் ஆண்டு மே மாதம் அவரைச் சோதித்தது. நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்ட முற்பட்டனர். சுரங்கத் தொழிலாளர்க்குத் துணையாகப் பிற தொழிலாளரும் இலட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். அச்சுத் தொழிலாளரும் சேர்ந்தமையால் நாளேடுகள் பெரும்பாலும் நின்றன. அதுகாறும் மாலை ஏழு மணிக்கு முன் செய்தி சொல்ல உரிமையற்றிருந்த வானொலி, நாள்தோறும் ஐந்து முறை செய்தி வழங்கியது. நிலையத்தைக் கைப்பற்ற வேண்டும் என்றார் சர்ச்சில். பிரதமர் பால்டுவின் அதற்கு இசையவில்லை.

தொழிற்சங்கத்தின் அறிக்கைகளும் செய்தியில் படிக்கப்பட்டன என்பதை மறைத்தல் நேர்மையன்று. பொய் சொல்லவில்லை, ஆனால் வாயில் எவர்க்குத் திறந்தது? பிரதமர் ரீத்தின் இல்லத்திலிருந்தே நாட்டுக்குப் பேசினார். அப்பேச்சுக்குச் சில சொற்களை ரீத்தே எடுத்துக் கொடுத்தார். தொழிற்கட்சித் தலைவர் மெக்டொனால்டு பேச இடம் கேட்டார், கிடைக்கவில்லை. இரு தரப்பும் இறங்கிவரக் கோரிய கேன்டர்பரிப் பேராயரின் வேண்டுகோள்கூட முதலில் தடுக்கப்பட்டு, மே 11ஆம் நாளே ஒலிபரப்பாயிற்று. மறுநாள் வேலைநிறுத்தம் முடிந்தது. சுரங்கத் தொழிலாளர் மட்டும் மாதக்கணக்கில் போராடி, குறைந்த கூலிக்கும் நீண்ட நேரத்துக்கும் பணிந்து திரும்பினர்.

1927இல் நிறுவனம் அரச சாசனம் பெற்றது. ரீத் 'சர்' பட்டம் பெற்றார். இந்திய வானொலியை நடத்த 1935இல் லயனல் ஃபீல்டனை இங்கு அனுப்பியவரும் இவரே. செய்தி வாசிப்போர் மேட்டுக்குடி ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பது அவர் காலத்தில் வேரூன்றிய வழக்கம். அவர் 1938இல் விலகினார். 1941இல் வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்பவர் யார்க்‌ஷயர் உழைக்கும் மக்களின் உச்சரிப்போடு செய்தி வாசித்தபோது எதிர்ப்பு எழுந்தது. சொல்லப்பட்ட செய்தி அதேதான், நாக்குத்தான் வேறு. நம் பிள்ளைகள் வகுப்பில் எழுந்து படிக்கக் கூசுவதைக் கண்டவன் நான். இது எனக்கு வியப்பளிக்கவில்லை.

ரீத் 1971இல் மறைந்தார். அவருடைய நாட்குறிப்பு 1975இல் நூலாக வெளிவந்தது. நிலையத்தை அரசு ஏன் கைப்பற்றவில்லை என்பதற்கு, வேலைநிறுத்த நாட்களிலேயே அவர் அதில் விடை எழுதி வைத்திருந்தார்: தாங்கள் மெய்யாக நடுநிலை வகிக்கமாட்டோம் என்பதில் ஆட்சியாளர்க்கு நம்பிக்கை இருந்தது என்று.