தான் தொடங்கிய பிரசவ வார்டைத் தானே மூடினார்... ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் ஏன் அப்படிச் செய்தார்?

மே 12 வந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க 'கைவிளக்கேந்திய காரிகை' படம்தான். உலக செவிலியர் தினம், ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள். போர்க்களத்தில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களைப் பற்றி அவர் செய்த ஆய்வு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்றைக்கு ஏழை நாடுகளில் தாய்-சேய் நலம் பற்றி நடக்கும் விவாதத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

யார் இந்த நைட்டிங்கேல்?

1820-ல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பிறந்தார். அந்த ஊர்ப் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். வசதியான இங்கிலாந்துக் குடும்பம். அப்பாவே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். கணக்கு என்றால் ஃப்ளோரன்ஸுக்கு ரொம்பப் பிடிக்கும்.

நர்ஸ் ஆகப் போகிறேன் என்றதும் வீட்டில் கடும் எதிர்ப்பு. அந்தக் காலத்தில் பெரிய வீட்டுப் பெண்கள் செய்யும் வேலையாக அது இல்லை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார்.

1854-ல் கிரிமியப் போர். 38 செவிலியர்களோடு துருக்கியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அடைத்துக்கொண்ட சாக்கடை, நெரிசல், அழுக்கு. அந்தக் குளிர்காலத்தில் வீரர்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். 1855-ல் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகுதான் சாவு வேகமாகக் குறைந்தது.

ஊர் திரும்பியவர், புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து கணக்கு பார்த்தார். காயத்தால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள்தான் பல மடங்கு அதிகம். அதை வரைபடமாகப் போட்டு அரசுக்குக் காட்டினார். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனார்.

பிரசவ வார்டில் என்ன நடந்தது?

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் தொடங்கிய செவிலியர் பள்ளி பிரபலமானது. அடுத்த கனவு, கிராமங்களுக்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை அனுப்புவது. அதற்காக கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில், மக்கள் கொடுத்த நைட்டிங்கேல் நிதியில் ஒரு பிரசவ வார்டு திறக்கப்பட்டது. ஏழைப் பெண்கள் அங்கே பிரசவத்துக்கு வந்தார்கள். நல்ல வார்டு, நல்ல செவிலியர்கள்.

ஆனா, தாய்மார்கள் இறந்தார்கள். காரணம், பிரசவக் காய்ச்சல். பிரசவத்துக்குப் பிறகு கருப்பையில் கிருமித் தொற்று ஏற்பட்டு ரத்தத்தில் கலந்துவிடும். சில ஆண்டுகளில் அங்கே 700-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் நடந்தன. இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு சுமார் 33. அதே காலத்தில் இங்கிலாந்து முழுவதற்குமான விகிதம் ஆயிரத்துக்கு சுமார் 5 மட்டும்தான்.

1867-ல் வார்டு மூடப்பட்டது. தன் பெயரில் நடந்த திட்டம், தன் கனவு. ஆனாலும் நைட்டிங்கேல் அதற்குச் சப்பைக்கட்டு கட்டவில்லை.

மூடியதோடு விட்டாரா?

இல்லை. மற்ற இடங்களில் என்ன நிலைமை என்று தேட ஆரம்பித்தார். டாக்டர் ஜான் சதர்லேண்டின் உதவியோடு ஐரோப்பாவின் பல மருத்துவமனைகளிலிருந்து எண்களைத் திரட்டினார்.

முதல் சிக்கலே எண்களில்தான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பதிவு கிடையாது. காய்ச்சல் வந்த பெண் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டாலோ வீட்டுக்கு அனுப்பப்பட்டாலோ, அவருடைய சாவு பிரசவக் கணக்கில் வராமலே போகலாம். அதனால் காரணம் என்னவாக எழுதப்பட்டிருந்தாலும், பிரசவத்தை ஒட்டி நடந்த எல்லா இறப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்.

1871-ல் ஆய்வு புத்தகமாக வந்தது. பெரிய பிரசவ மருத்துவமனைகளைவிட வீட்டுப் பிரசவமே பாதுகாப்பாக இருந்தது. ஏழைப் பெண்கள் பலவீனமானவர்கள், அதனால் இறக்கிறார்கள் என்ற சமாதானமும் நிற்கவில்லை. ஏனென்றால் வீட்டில் பிள்ளை பெற்ற ஏழைகள் அந்த அளவுக்கு இறக்கவில்லை.

அவர் சொன்ன தீர்வுகள் எளிமையானவை. பொது மருத்துவமனைக்குள் பிரசவ வார்டு வேண்டாம். சின்னச் சின்ன அறைகள் போதும், நெரிசல் கூடாது. மற்ற நோயாளிகளைப் பார்ப்பவர்கள் பிரசவம் பார்க்கக் கூடாது. மருத்துவச்சிகளுக்கு முழுமையான பயிற்சி தேவை.

அவரிடமும் ஒரு குறை இருந்தது. 1847-லேயே வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ், மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவினால் பிரசவக் காய்ச்சல் குறையும் என்று நிரூபித்திருந்தார். நைட்டிங்கேலோ கெட்ட காற்றும் நெரிசலும்தான் காரணம் என்றே பெரும்பாலும் நம்பினார். காரணத்தைப் பாதிதான் பிடித்தார். ஆனாலும் தொற்று பரவும் வழிகள் பலவற்றை அவருடைய யோசனைகள் அடைத்தன.

இப்போது ஏன் இது முக்கியம்?

உலகில் 2023-ல் மட்டும் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பெண்கள் கர்ப்பகால, பிரசவகாலக் காரணங்களால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதில் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்த வருமான நாடுகளிலும் கீழ்-நடுத்தர வருமான நாடுகளிலும் நடந்தவை. எல்லோரும் மருத்துவமனைக்கு வாருங்கள் என்று அரசுகள் அழைக்கின்றன. இந்தியாவில் 2005-லிருந்து அதற்குப் பணமும் தரப்படுகிறது.

வந்த பிறகு? உத்தரப் பிரதேசத்தில் 120 அரசு மையங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2017-ல் வெளியான அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்-சேய் ஜோடிகள். கை கழுவுவது முதல் குழந்தையைத் தாயின் உடலோடு அணைத்து வைப்பது வரை, ஒரு செக்லிஸ்ட்டைப் பின்பற்ற பாதி மையங்களின் செவிலியர்களுக்குத் துணை நின்று பயிற்சி தரப்பட்டது. இரண்டு மாதத்தில் அங்கே சுமார் 73 சதவீத நடைமுறைகள் சரியாக நடந்தன. பயிற்சி தராத இடங்களில் சுமார் 42 சதவீதம்தான். ஆனா, தாய்-சேய் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள்.

இதற்காக வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம் என்று அர்த்தம் இல்லை. நைட்டிங்கேல் காலத்தில் இல்லாத ஆன்டிபயாட்டிக்கும், பாதுகாப்பான ரத்தமும், பாதுகாப்பான சிசேரியனும் இன்று மருத்துவமனையில்தான் கிடைக்கும். ஆனால் ஒரு மையத்தில் எத்தனை பிரசவம் நடந்தது என்ற எண்ணை மட்டும் வைத்து அது நல்ல மையம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே போன தாயும் குழந்தையும் நலமாகத் திரும்பினார்களா என்பதையும் எண்ண வேண்டும்.

நைட்டிங்கேல் அதன் பிறகு அந்த மருத்துவச்சிப் பள்ளியை மீண்டும் திறக்கவே இல்லை. உடல்நலம் கெட்டு, பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே பல ஆண்டுகள் எழுதினார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே, இங்குள்ள சுகாதாரம் பற்றி அறிக்கைகள் தயாரித்தார். 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90-வது வயதில் லண்டனில் காலமானார்.