பர்ஸ் கனமாக இருந்தால்தான் ஜெயிக்க முடியுமா? மாருதி 800 என்ஜினில் ரேஸ் கார் கட்டிய 'கரி'யின் கதை

கோவை செட்டிபாளையத்தில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. பெயரை முதல் தடவை கேட்கிறவர்களுக்கு ஒரு சின்ன குழப்பம் வரும். கரி என்றால் என்ன? டயர் தேய்ந்து ரோட்டில் விழும் கரியா, சைலன்சரில் படியும் கரியா?

இரண்டும் இல்லை. அது ஒரு மனிதரின் பெயர். முழுப்பெயர் சுந்தரம் கரிவர்தன். ரேஸ் ஓட்டியவர், ரேஸ் கார் கட்டியவர். 1995-ல், 41 வயதிலேயே இறந்துவிட்டார். நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் பெயர்கள் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு பேரும் ஃபார்முலா 1 வரை ஏறிப்போன ஏணியின் முதல் படி, இவர் போட்டுக்கொடுத்தது.

அந்தப் படியைச் செய்ய அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? நம் ஊர்த் தெருவில் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800.

கதை தொடங்கும் இடம் சோழவரம்

ராயபுரத்தில் பைக்கை எடுத்தால் மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் தாண்டி சோழவரம். டிராஃபிக் இல்லையென்றால் ஒரு மணி நேரம் கூட ஆகாது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, நீளமான கான்கிரீட் தளம் மட்டும் மிச்சம். 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தளத்தில் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. பல ஆண்டுகளுக்கு இந்தியாவில் ரேஸ் என்றாலே சோழவரம்தான்.

வடசென்னைக்கும் என்ஜினுக்கும் உள்ள உறவு புதிது இல்லை. எண்ணூரில் இன்று லாரி, பஸ் செய்யும் அசோக் லேலண்ட், 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டிய கம்பெனி. திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சின்ன ஷெட்டாக ஆரம்பித்தது எம்.ஆர்.எஃப். அதே திருவொற்றியூரிலிருந்துதான் புல்லட் பைக்குகள் வந்தன. இந்த ஊர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் வருஷா வருஷம் ஒரு ரேஸ் திருவிழா நடந்தது. ஜனங்கள் திரண்டார்கள்.

ஆனால் டிராக்கில் நின்ற கார்களைப் பார்த்தால், ஒரே பந்தயத்தில் இரண்டு உலகங்கள் தெரியும்.

ஒரு பக்கம், நம் ஊர் கார்கள். அன்றைய இந்தியாவில் கடையில் கிடைத்தவை கிட்டத்தட்ட மூன்றுதான்: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பின்சீட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, என்ஜின் ஹெட்டைத் தேய்த்து, கார்புரேட்டரை மாற்றி, சைலன்சரைப் பிடுங்கி, ஷெட்டிலேயே ரேஸ் காராக மாற்றுவார்கள். வாரநாளில் வீட்டு வண்டி, ரேஸ் நாளில் போட்டி வண்டி என்று ஓடியவையும் உண்டு.

இன்னொரு பக்கம், கடல் கடந்து வந்த அசல் ரேஸ் கார்கள். குஜராத்தின் கொண்டல் அரச குடும்பத்திலிருந்து வெளிநாட்டு கார்களோடு போட்டியாளர் வந்தார். எண்பதுகளில் தொழிலதிபர் விஜய் மல்லையா, என்சைன் என்ற பிரிட்டிஷ் அணியின் ஃபார்முலா 1 காரையே சோழவரத்தில் ஓட்டினார். அருகில் போய்ப் பார்க்கவே கூட்டம் முண்டும்.

அப்படி ஒரு கார் பக்கத்தில் நிற்கும்போது, ஷெட்டில் கட்டிய ஃபியட் என்ன செய்யும்? ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நேர்ப்பாதை வந்தால் முடிந்தது கதை. யார் ஜெயிப்பார் என்பது கொடி அசைவதற்கு முன்பே, பேங்க் பாஸ்புக்கில் முடிவாகிவிடும்.

சரி, யார் இந்த கரி?

கரிவர்தன் பிறந்தது 1954-ல், கோவையில். ஏழை வீட்டுப் பையன் ரேஸ் காரனான கதை இல்லை இது. கோவை லட்சுமி மில்ஸ் குடும்பம். 1910-ல் மில்லைத் தொடங்கிய ஜி.குப்புசாமி நாயுடுவின் பேரன். அப்பா ஜி.கே.சுந்தரம் தொழிலதிபர்.

அதாவது, வெளிநாட்டு காரை வாங்கி ஓட்டும் பக்கத்தில் நிற்க அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. டிரைவராகவும் அவர் சாதாரண ஆள் இல்லை. தன் காலத்தின் முன்னணி ரேஸர்களில் ஒருவர். இருக்கிற ஆட்டத்தையே ஆடியிருந்தால், கோப்பைகளோடு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வண்டியை ஓட்டுவதைப் போலவே, பிரித்துப் பார்ப்பதும் பிடிக்கும். அதற்கு கோவையைவிட நல்ல ஊர் கிடையாது. பம்ப்செட், மோட்டார், மில் மெஷின் என்று செய்து பழகிய ஊர். தெருவுக்குத் தெரு லேத் பட்டறை, ஃபவுண்டரி. வரைந்து கொடுத்தால் வார்த்துக் கொடுக்க ஆள் உண்டு. ஜி.டி.நாயுடு போன்றவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் என்பதால், இறக்குமதி செய்யும் சாமானை இங்கேயே செய்தால் என்ன என்ற கேள்வியை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள்.

அப்படி என்ன செய்தார்?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சில ஆண்டுகளிலேயே இந்தியா முழுக்க அதன் உதிரிபாகம் கிடைத்தது, அதை ரிப்பேர் செய்யத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். பெரிய சக்தி எல்லாம் இல்லை, சுமார் 40 குதிரைத்திறன்தான். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போக அது போதும். ரேஸுக்கு?

போதும் என்று கணக்குப் போட்டார் கரி. காரை வேகமாக ஓட வைக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, என்ஜினின் சக்தியைக் கூட்டுவது. அதற்குச் செலவு அதிகம். இன்னொன்று, இழுக்க வேண்டிய எடையைக் குறைப்பது. மாருதி 800-ன் எடை 600 கிலோவுக்கு மேல். அதில் கதவு, கண்ணாடி, நான்கு பேர் உட்காரும் சீட், தகர பாடி எல்லாம் ரேஸுக்குத் தேவையே இல்லை. அத்தனையையும் விட்டுவிட்டு என்ஜினையும் கியர்பாக்ஸையும் மட்டும் எடுத்துக்கொண்டால்?

ஸ்டீல் குழாய்களை வெல்டிங் செய்து ஒரு கூடு. அதன் மேல் ஃபைபர் கிளாஸ் உடல். ஒரே ஒரு சீட். தெருக் காரில் முன்னால் இருக்கும் என்ஜின், இங்கே டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போனது. தாழ்வான உடல், வெளியே தெரியும் நான்கு சக்கரங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் டிவியில் வரும் ஃபார்முலா காரின் தம்பி. உள்ளே துடிப்பது மட்டும் நம் ஊர் மாருதியின் இதயம்.

இதற்குப் பெயர் ஃபார்முலா மாருதி. ஆண்டு 1988.

உலகத்துக்கு இந்த யோசனை புதிது இல்லை. இங்கிலாந்தில் காலின் சாப்மேன், பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்துத்தான் தன் முதல் காரைக் கட்டினார். பின்னாளில் அதுதான் லோட்டஸ் என்ற பெரிய ரேஸ் கம்பெனி. அமெரிக்காவில் அறுபதுகளில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பாகங்களை வைத்து ஃபார்முலா வீ என்ற மலிவான ரேஸ் வகை வந்தது. கரி அந்த வழியை இந்தியாவின் பட்டறைகளுக்கும் இந்தியாவின் பர்ஸுக்கும் ஏற்றபடி மாற்றினார்.

மலிவு மட்டும்தான் விஷயமா?

இல்லை. விலை குறைவான ஒரே ஒரு காரைக் கட்டி, அதில் தானே உட்கார்ந்து, வெளிநாட்டு கார்களைத் துரத்தியிருந்தால் கரிக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ரேஸ் உலகம் மாறியிருக்காது.

அவர் ஒரே மாதிரி பல கார்களைக் கட்டிக் களத்தில் இறக்கினார். இதுதான் முக்கியமான இடம். எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் ஒரே 796 சிசி என்ஜின் என்றால், நேர்ப்பாதையில் யாரும் யாரையும் பணத்தால் தாண்ட முடியாது. எங்கே பிரேக் பிடிக்கிறாய், வளைவில் எவ்வளவு வேகத்தை மிச்சம் வைக்கிறாய், முன்னால் போகிறவரின் காற்று மறைப்பில் எப்படி ஒட்டிக்கொண்டு போகிறாய் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். சின்ன என்ஜின் என்பதால் ஒரு தப்பு செய்து வேகத்தை இழந்தால், திரும்பப் பிடிப்பது கஷ்டம். அதனாலேயே அது நல்ல வாத்தியார்.

பள்ளியில் எல்லோருக்கும் ஒரே யூனிஃபார்ம் போட்டால் வீட்டுப் பணம் வகுப்பில் தெரியாது இல்லையா? கிட்டத்தட்ட அதே மாதிரி.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸுக்கென்றே கட்டிய நிரந்தர டிராக் வந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. புதிய டிராக்கில் புதிய பையன்கள் கற்றுக்கொள்ள, கரியின் கார்கள் தயாராக இருந்தன.

யார் யார் வந்தார்கள்?

கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில். முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். பிரான்ஸில் ரேஸ் பள்ளிப் பயிற்சி முடித்துத் திரும்பியவர், 1993 சீசனில் மறுபடியும் அதே காரில் ஓட்டினார். 1994-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் சாம்பியன். ஐரோப்பாவில் ஒரு ரேஸ் சாம்பியன்ஷிப்பை வென்ற முதல் இந்தியர் அவர்தான்.

சென்னையின் கருண் சந்தோக் 2000-ல் ஃபார்முலா மாருதியில் தொடங்கினார். அவருடைய தாத்தாவும் அப்பாவும் சோழவரத்து ரேஸ் உலகத்தைச் சேர்ந்தவர்கள்.

2005-ல் ஜோர்டன் அணிக்காக ஆஸ்திரேலியாவில் களமிறங்கி, ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார் நரேன். 2010-ல் கருண் இரண்டாவது. இரண்டு பேருமே மாருதி 800 என்ஜினில் கியர் மாற்றப் பழகியவர்கள்.

நரேனின் 1994 வெற்றி வரைதான் கரியால் பார்க்க முடிந்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று ஒரு சிறிய விமான விபத்தில் அவர் உயிர் போனது. அவர் கட்டிய கார்கள் அவருக்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடின.

அப்போ, எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டதா?

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கரி ரேஸின் விலையைக் குறைத்தார். இலவசமாக்கவில்லை, அது யாராலும் முடியாது. கார் மலிவானாலும் டயர், பெட்ரோல், மெக்கானிக் சம்பளம், ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, பயணம் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். ராயபுரத்தில் பைக் ஷெட் வைத்திருக்கும் ஒருவரின் பிள்ளைக்கு அன்றும் அது எளிதான கதவு இல்லை, இன்றும் இல்லை. மேலே ஏறின இரண்டு பேரும் ரேஸ் பின்னணி உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஐரோப்பா போன பிறகு ஸ்பான்சர் தேடி அலைந்த கதை அவர்களுக்கே உண்டு.

ஆனால் முதல் படி எங்கே இருக்கிறது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முன்பு அது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இறக்குமதி லைசென்ஸ், சுங்க வரி எல்லாம் தாண்டினால்தான் எட்டும். பாகம் உடைந்தால் அடுத்த கப்பல் வரும்வரை கார் மூலையில் நிற்கும். கரிக்குப் பிறகு பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பாகத்தை வாங்கி, ராத்திரியே மாட்டி, காலையில் ஓட்டலாம். திறமை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே சொத்தை விற்க வேண்டிய நிலை மாறியது.

இப்போது என்ன நடக்கிறது?

கரி இறந்து சில ஆண்டுகளில், அவருடைய நண்பரும் எல்.ஜி.பி. நிறுவனத்தைச் சேர்ந்தவருமான பி.விஜயகுமார், செட்டிபாளையத்தில் ஒரு டிராக்கை உருவாக்கினார். சுமார் 2 கி.மீ. நீளம். 2003 முதல் ரேஸ்கள் நடக்கின்றன. வைத்த பெயர்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே. தெருக் காரின் சுசூகி என்ஜினை வைத்து இந்தியாவில் கட்டிய ஃபார்முலா எல்.ஜி.பி. கார்கள் அங்கே போட்டியிடுகின்றன. கரியின் அதே சூத்திரம், கொஞ்சம் பெரிய என்ஜின்.

அதே டிராக்கில் 'ஃபார்முலா பாரத்' என்ற போட்டியும் நடக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்து, வெல்டிங் செய்து, பூட்டிய ஒற்றை சீட் கார்களோடு வருவார்கள். பல கார்களில் இருப்பது தெருவில் ஓடும் கேடிஎம் பைக்கின் என்ஜின். ஒர்க்‌ஷாப்பில் தூங்கி எழுந்த கண்கள், கையில் கிரீஸ், கடைசி நிமிஷம் வரை ஸ்பேனர்.

அந்தப் போட்டியில் வேகமாக ஓட்டினால் மட்டும் கோப்பை கிடைக்காது. காரை எவ்வளவு செலவில் எப்படிச் செய்தீர்கள் என்று மாணவர்கள் நடுவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதற்கும் தனியாக மார்க் உண்டு.

கரி பெயர் வைத்த டிராக்கில் அப்படி ஒரு மார்க் இருப்பது பொருத்தம்தான்.