தனித்து நின்ற இராஜாஜி

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

பலர் கூடி ஒன்றைச் சரி என்னும்போது, ஒருவர் மட்டும் எழுந்து மறுத்துப் பேசுவதற்கு மிகுந்த நெஞ்சுரம் வேண்டும். எதிரே நிற்பவர்கள் பகைவர்களாக இல்லாமல் உயிர் நண்பர்களாகவே இருந்துவிட்டால் அது இன்னும் அரிய செயல். அத்தகைய நெஞ்சுரம் வாய்ந்தவர் மூதறிஞர் இராஜாஜி அவர்கள்.

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று, சேலத்தில் புகழ் பெற்ற வழக்கறிஞராக விளங்கினார். 1919இல் காந்தியடிகளைச் சந்தித்த பின் அவர் வாழ்க்கைப் பாதையே மாறிற்று. நல்ல வருவாய் தந்த தொழிலை விட்டார், சிறை சென்றார், திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமம் அமைத்துக் கதர்ப் பணி புரிந்தார். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை உப்புச் சத்தியாக்கிரக யாத்திரையை நடத்திச் சென்றார். அவருடைய மகள் இலட்சுமி காந்தியடிகளின் மகன் தேவதாஸை மணந்ததால், இருவரும் சம்பந்திகளும் ஆயினர்.

1937இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தது. இராஜாஜி அதன் பிரதமரானார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் ஆலயம் புகச் சட்டத்தின் துணை தந்தார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதால் தமிழ் மக்களின் கடும் எதிர்ப்பையும் தேடிக்கொண்டார்.

1939 செப்டம்பர் 3ஆம் நாள் இரண்டாம் உலகப் போர் பிரிட்டனைப் பற்றிக்கொண்டது. நம் தலைவர்களில் ஒருவரைக்கூடக் கேளாமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் அறிவித்தார். அப்போது பதினொரு மாகாணங்களில் எட்டில் காங்கிரஸ் ஆட்சி நடந்தது. அவ்வமைச்சரவைகள் எல்லாம் பதவி விலகின. கட்சியின் கட்டளைக்குப் பணிந்து இராஜாஜியும் விலகினார்.

ஆனால் போரைப் பற்றிக் காங்கிரசுக்குள் ஒரே கருத்து இல்லை. அகிம்சையே உயிர்மூச்சான காந்தியடிகளுக்கு எந்தப் போரும் உடன்பாடன்று. ஹிட்லரை வெறுத்த நேருவோ, அடிமை நாடு பிறர் விடுதலைக்காக எப்படிப் போராடும் என்று வருந்தினார். பிரிட்டனின் இடுக்கணே நமக்கு நல்ல தருணம் என்றார் சுபாஷ் சந்திர போஸ். மத்தியில் தேசிய அரசு அமைத்துக் கொடுத்தால் போரில் உதவலாம் என்பது இராஜாஜியின் கருத்து.

1940 ஜூலையில் இராஜாஜியின் கருத்தே வென்றது. வல்லபாய் பட்டேலும் அவர் பக்கம் நின்றார். காந்தியடிகள் ஒதுங்கிக்கொண்டார், எல்லைக் காந்தி கான் அப்துல் கபார் கான் காரியக் கமிட்டியிலிருந்து விலகினார். ஆனால் பிரிட்டன் அக்கரத்தைப் பற்றவில்லை. மீண்டும் காந்தியடிகளின் தலைமையில் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. அதில் இராஜாஜியும் சிறை புகுந்தார்.

1942இல் போர் நம் வாசலுக்கே வந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கையில் வீழ்ந்தன. பர்மாவில் கொண்டு விற்ற செட்டிநாட்டு மக்களின் செல்வம் அங்கே சிக்கிற்று; உயிர் பிழைக்கக் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர்கள் பலர். ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரம் வெறிச்சோடியது. மக்களைக் காக்க மக்களாட்சி வேண்டும், அதற்காக முஸ்லீம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக்கூட ஏற்றுச் சமரசம் காண வேண்டும் என்று இராஜாஜி கருதினார்.

அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் தம் தீர்மானத்தை அவர் முன்வைத்தார். அதற்கு ஆதரவாக 15 வாக்குகளே கிடைத்தன. எதிராக 120 வாக்குகள் விழுந்தன. கூட்டங்களில் கூச்சல் எழுந்தது. துரோகி என்ற பழிச்சொல்லும் வந்தது. கட்சியில் இருந்துகொண்டே கட்சியை எதிர்ப்பது முறையன்று என்று எண்ணி, சட்டசபைப் பதவியையும் துறந்து, காங்கிரசிலிருந்தே விலகினார்.

ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் மூண்டது. நம் செட்டிநாடும் கொந்தளித்தது. தேவகோட்டை நீதிமன்றம் தீக்கிரையாயிற்று. மக்கள் திருவாடானைச் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை விடுவித்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தோர் பலர். அன்று நம் ஊரில் இராஜாஜியை ஏசியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! உயிர் கொடுத்தவர்களின் தியாகத்தை யார் குறைத்து மதிக்க முடியும்? ஆயினும், எதிரி கரையில் நிற்கும்போது மக்களைக் காப்பது யார் என்ற இராஜாஜியின் கவலையையும் தவறென்று தள்ள முடியவில்லை. இரு சாராரும் நாட்டையே நேசித்தனர் என்பதுதான் எனக்குப் புரிகிறது.

கருத்து வேற்றுமை நட்பை முறிக்கவில்லை. இராஜாஜி வகுத்த திட்டத்தைக் கொண்டே காந்தியடிகள் 1944இல் ஜின்னாவுடன் பேசினார். இராஜாஜி மீண்டும் காங்கிரசில் சேர்ந்தார். 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகி, அப்பதவியை வகித்த ஒரே இந்தியர் என்ற பெருமை பெற்றார். பின்னர் சென்னையின் முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த கல்வித் திட்டம் பெரும் எதிர்ப்புக்குள்ளாயிற்று. 1954இல் பதவி விலகினார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி மீண்டும் காங்கிரசை எதிர்த்தார்.

அன்று போருக்கு உதவலாம் என்றவர், 1962இல் தம் 83ஆம் வயதில் கடல் கடந்து அமெரிக்கா சென்று, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு ஜனாதிபதி கென்னடியிடம் வேண்டினார். மக்களைக் காக்க வேண்டும் என்ற கவலை ஒன்றே இரு முறையும் அவரை இயக்கியது எனலாம். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, அம்முதியவர் கண் மூடினார்.

இராஜாஜி சொன்னவை யாவும் சரி என்று நான் கூற வரவில்லை. மனச்சாட்சி இறைவன் நம்முள் ஏற்றி வைத்த விளக்கு என்று நம் சகோதரிகள் நமக்குக் கற்பிக்கிறார்கள். அவ்விளக்கைக் கைதட்டலுக்காக அணைக்காமலும், அதைக் கொண்டு அடுத்தவரைச் சுடாமலும் வாழ்ந்தவர் அவர். வகுப்பில் தோழியர் எல்லாரும் ஒருத்தியைப் பழிக்கும்போது, அது தவறு என்று சொல்ல நாமும் எழுந்து நிற்போமா? சொன்ன பிறகும் அத்தோழியரை நேசிப்போமா? அன்புத் தோழியரே, சிந்திப்போம்!